அப்பாவின் கடூழியத்தில் என் பங்கு

அப்பாவுக்குப் பதினெட்டு மாதக் கடூழியச் சிறை என்று நீதவான் தீர்ப்பு வாசித்த நேரத்தில் நான் கோட்டு வாசலில் நின்று ஐஸ்பழம் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். சிவப்பு ஐஸ்பழம். வாங்கித் தந்தவர் மாமா. வாயெல்லாம் சிவப்பாக நின்ற என்னைக் கடந்துதான் அப்பாவை ஏற்றிய வாகனம் போனது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து அவர் என்னைப் பார்த்தார். நான் நாக்கை நீட்டி, எவ்வளவு சிவந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். ஒரு மகன் தகப்பனுக்குக் கொடுத்த பிரியாவிடைகளில் இதைவிடக் கேவலமானது மன்னார்த் தீவில் நடந்திருக்காது.

எனக்கு அப்போது பத்து வயது. தாழ்வுபாட்டுக் கரையில் குடியிருந்தோம். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒருநாள் காலையில் அவர்கள் கரையேறும்போது நேவிக்காரர் வள்ளத்தைச் சோதித்தார்கள். உள்ளே கிடந்த பாரை மீன்களெல்லாம் முள் உடைந்து, கண்ணில் இரத்தம் கட்டி, தொட்டால் குழைகிற பதத்தில் இருந்தன. வலையில் பட்ட மீன் அப்படி இராது. வெடி போட்டுப் பிடித்த மீன்தான் அப்படி இருக்கும். கொஞ்சம் கிளறியதும், மிச்ச வெடிமருந்தும் திரியும் வைத்த ஒரு பையும் அகப்பட்டது. யாருடையது என்று கேட்டதற்கு அப்பா, "என்ர பை. இவனுக்கு ஒண்டும் தெரியாது" என்று சொன்னாராம். மாமா அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வழக்கும் இழுபடவில்லை.

மாமாவுக்கு அந்த நேரம் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு ஞாயிறு பூசையில் திருமண அறிவித்தல் வாசித்தாகிவிட்டது. மூன்றாவது அறிவித்தலை அப்பா மறியலில், சிறைக்குள், இருக்கும்போது வாசித்தார்கள். கலியாணத்தன்று அம்மா கோயிலில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தார். அவருக்கும் சேர்த்து நான் சாப்பிட்டேன்.

கடூழியம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "போய்க் கோழியைக் கூட்டில அடை" என்றார். அக்காவிடம் கேட்டேன். அழுதாள். கடைசியில் எங்கள் வகுப்பின் பின்வாங்கில் இருந்த ஒருவனிடம் போனேன். அவன் ஒரே வகுப்பில் இரண்டு தரம் தங்கியவன். ஆகவே எங்களைவிட இரண்டு மடங்கு அறிவாளி.

"சாதாரணச் சிறை எண்டால் திண்டிட்டுப் படுக்கலாம்" என்றான் அவன். "கடூழியம் எண்டால் கல்லுடைக்க வேணும். நான் படத்தில பாத்தனான்."

"எவ்வளவு கல்லு?"

"மலை முடியுமட்டும்."

நான் அதுவரை மலையைப் பார்த்ததில்லை. எங்கள் தீவில் மலை கிடையாது. சொல்லப்போனால் கல்லே கிடையாது. மேலே மணல், தோண்டினால் அதற்குக் கீழும் மணல். காகத்துக்கு எறிவதற்குக்கூடச் சிப்பிதான் பொறுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, வாழ்நாளில் ஒரு கல்லைக்கூடத் தூக்காத என் அப்பா எப்படி ஒரு மலையை உடைத்து முடிப்பார்? இரவில் படுத்திருந்து பதினெட்டு மாதத்தை நாளாக்கிப் பார்த்தேன். ஐந்நூற்று நாற்பது. கணக்குப் பாடத்தில் எனக்குச் சரியாக வந்த முதல் விடை அதுதான். அதைக் காட்டிச் சரி போடுவதற்கு ஆள் இல்லை.

இப்படியிருக்கும்போது கார்த்திகை மாதம் வந்தது. எங்கள் கோயிலில் அது மரித்த ஆத்துமாக்களின் மாதம். ஞாயிறு மறைப்பாட வகுப்பில் சிஸ்டர் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிச் சொல்லித் தந்தார். சிறு பாவங்களோடு செத்தவர்கள் மோட்சத்துக்குப் போகுமுன் அங்கே தண்டனைக் காலம் கழிக்க வேண்டும்.

"அந்த ஆத்துமாக்கள் தங்களுக்காகத் தாங்கள் ஒண்டும் செய்யேலாது பிள்ளையள்" என்றார் சிஸ்டர். "நாங்கள்தான் அவையளுக்காகச் செபிக்க வேணும், ஒறுத்தல் செய்ய வேணும். நீங்கள் ஒரு டொபியைத் தின்னாமல் விட்டு அதை ஒப்புக்கொடுத்தாலும் அவையின்ர காலம் குறையும்."

வகுப்பில் மற்றப் பிள்ளைகளெல்லாம் டொபியை நினைத்துக் கவலைப்பட்டார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தண்டனை ஒருவருக்கு, அதைக் குறைப்பது இன்னொருவர்! இப்படி ஒரு வசதி இருப்பதைக் கோட்டில் ஒருவரும் சொல்லவில்லையே. நான் எழும்பி நின்றேன்.

"சிஸ்டர், உயிரோட இருக்கிற ஆக்களுக்காகவும் செய்யலாமோ?"

"ஓம், ஏன் ஏலாது? வடிவாச் செய்யலாம்." படுக்கையில் கிடக்கிற யாரோ வருத்தக்காரரை நினைத்துக் கேட்கிறேன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

"ஒரு ஒறுத்தலுக்கு எத்தினை நாள் குறையும் சிஸ்டர்?"

"அது கடவுளின்ர கணக்கு. நீ இரு."

இருந்தேன். கடவுள் தன் கணக்கை வெளியிட மறுத்துவிட்டபடியால் அதை நானே போட வேண்டியதாயிற்று. அப்பாவின் தண்டனை கல்லிலே. ஆகவே என் ஒறுத்தலும் கல்லிலேதான் இருக்க வேண்டும். டொபியை விடுவதெல்லாம் சாதாரணச் சிறைக்காரருக்கு.

கல்லுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குக் கோயில் வளவே விடை வைத்திருந்தது. அங்கே ஒரு புது மண்டபத்துக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். முருங்கன் பக்கமிருந்து டிப்பரில் கருங்கல் வந்தது. மணலில் சில்லுப் புதையும் என்று சாரதிமார் வளவுக்குள் வர மறுத்து, எல்லாக் கல்லையும் தெருவோரம் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தெருவிலிருந்து அத்திவாரக் கிடங்குக்கு என் காலால் நூற்றிருபது அடி. அவ்வளவு கல்லையும் யாராவது தோளில்தான் கொண்டுபோக வேண்டும். அந்த யாராவது நான்தான் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுத்தேன். பத்துக் கல்லுக்கு ஒரு நாள் குறைய வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பா நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

நான் அந்தக் காலத்தில் கொஞ்சம் பருமன். அம்மா கடைக்கு அனுப்பினால் வழியில் இரண்டு இடத்தில் இளைப்பாறிப் போகிற ஆள். முதல் நாள் மூன்று கல் தூக்கினேன். நாலாவதை நெஞ்சோடு அணைத்து மணலில் இறங்கியதும் கால் புதைந்து, கல்லும் நானுமாக விழுந்தோம். எழும்பியபோது ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் செய்யலாம் என்று தோன்றியது. பத்துக் கல்லை ஐந்தாக்கினேன். மூன்றாம் நாள், கல்லின் பருமனைக் கருதி, மூன்றாக்கினேன். என்னைவிட இரக்கமுள்ள நீதவான் இலங்கையில் இருந்திருக்க முடியாது. மழை பெய்த நாளில் கடூழியத்துக்கு லீவும் விட்டேன்.

அத்திவாரம் கட்டிய மேசன் பாஸ் ஒரு கிழமை என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "என்ன சின்ன முதலாளி, நேர்த்தியோ?"

"ஓம்."

"என்ன நேர்த்தி?"

"சொல்லக் கூடாது."

"சரி, சொல்லாதேங்கோ. கொஞ்சம் பெரிய கல்லாத் தூக்குங்கோவன். இது குழம்புக்கும் போடக் காணாது."

என் கற்களை அவர் பெரிய கற்களுக்கிடையே இடுக்கு அடைக்கப் பாவித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கடவுள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார், நிறையைப் பார்க்க மாட்டார் என்று சமாதானப்பட்டேன்.

மாமா கண்டுபிடித்தது அதற்கடுத்த கிழமை. அவர் பகிடிக்காரர். என் வாய்க்கொழுப்பு அவரிடமிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள். கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பகிடியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தினமும் காலையில் கடலால் வந்ததும் ஒரு பை மீனை எங்கள் படலைக் கதவில் கொழுவிவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவார். அம்மா அந்தப் பையை அவிழ்த்து அப்படியே பூனைகளுக்குக் கொட்டுவார். கொட்டிவிட்டுக் கருவாட்டு வாடிக்கு மீன் வெட்டப் போவார். அங்கே மற்றவர்களின் மீனை வெட்டி, உப்புப் போட்டு, விரல்களெல்லாம் வெடித்து வருவார். வீட்டுக்கு வந்த மீனை ஏன் பூனை தின்ன வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கலியாணத்தில் ஏதோ மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். பெரிய ஆட்கள் அப்படிப்பட்ட விஷயத்துக்குத்தான் கோபித்துக்கொள்வார்கள். எங்கள் தெருப் பூனைகள் மட்டும் அந்த வருடம் கன்றுக்குட்டி அளவுக்கு வந்தன.

அன்று நான் ஒரு கல்லை வயிற்றில் தாங்கிக்கொண்டு போகும்போது மாமா தெருவில் சைக்கிளை நிறுத்தினார்.

"டேய், என்னடா செய்யிறாய்? பங்குச் சுவாமி உன்னைக் கூலிக்குப் பிடிச்சிட்டாரோ?"

மேசன் பாஸுக்குச் சொல்லாததை மாமாவுக்குச் சொன்னேன். ரகசியத்தைச் சுமப்பது கல்லைவிடக் கஷ்டமாக இருந்ததும் ஒரு காரணம்.

"அப்பாட கடூழியத்தை நான் கொஞ்சம் செய்யிறன் மாமா. மூண்டு கல்லுக்கு ஒரு நாள் குறையும். சிஸ்டர்தான் சொன்னவ."

சிஸ்டர் சொன்னது அதுவல்ல என்றாலும், பெரிய ஆட்களிடம் பேசும்போது ஒரு ஆதாரம் வேண்டும். மாமா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்ட மறந்து அப்படியே கையை விட, அது மணலில் சாய்ந்தது. சாய்ந்த சைக்கிளை அவர் பார்க்கவுமில்லை.

"ஒருத்தன்ர தண்டனையை மற்றவன் செய்யேலுமெண்டு சிஸ்டர் சொன்னவவோ?"

"ஓம் மாமா. வடிவாச் செய்யலாமாம்."

மாமா கற்குவியலுக்குப் போனார். என்னால் அசைக்கவும் முடியாத ஒன்றை எடுத்துத் தோளில் வைத்தார். இன்னொன்றை மற்றத் தோளில் வைத்தார். கிடங்குவரை போய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இருட்டுப்படும்வரை சுமந்தார். மறுநாள் பின்னேரமும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

எனக்கு முதலில் கொஞ்சம் எரிச்சல். என் நேர்த்திக்குள் இவர் ஏன் புகுந்தார்? பிறகு எண்ணிப் பார்த்தேன். நான் பத்து, மாமா ஐம்பது. ஒரு நாளைக்கு அறுபது கல். அறுபது கல்லென்றால் இருபது நாள் குறையும்! இந்தக் கதியில் போனால் நத்தாருக்கு இரண்டு நாள் முந்தியே மலை முடியும். எரிச்சலை விட்டுவிட்டேன். மாமா களைத்து நிற்கும்போது, "அந்தப் பெரிசை எடுங்கோவன் மாமா" என்று கிடங்கோரத்தில் இருந்து உற்சாகப்படுத்தவும் தொடங்கினேன். கடூழியத்தில் எனக்கு மேற்பார்வை உத்தியோகம் கிடைத்துவிட்டது. என் பத்து எட்டாகி, ஐந்தானது.

மார்கழி இரண்டாம் கிழமை அம்மா என்னை அப்பாவைப் பார்க்கக் கூட்டிப்போனார். விடிய முதல் பஸ். முருங்கனில் இறங்கி வேறு பஸ். பிறகும் நெடுநேரம். வயல், காடு, மீண்டும் வயல். நான் யன்னலோரம் இருந்து மலை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். மறியலுக்குப் பக்கத்திலும் மலை இல்லை. எல்லாவற்றையும் உடைத்து முடித்துவிட்டார்களோ என்று யோசித்தேன்.

அப்பா கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். என்னைப் போல இருந்தார், மெலிந்த என்னைப் போல. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் முதலில் கேட்டது சுகமாக இருக்கிறீர்களா என்றல்ல.

"எவ்வளவு கல்லு உடைச்சனீங்கள் அப்பா?"

"கல்லோ? என்ன கல்லு?"

"கடூழியக் கல்லு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தெரியாது என்று தலையசைத்தார். பிறகு அப்பா சிரித்தார். "இஞ்ச கல்லு இல்லை மகன். தும்பு. தேங்காய் மட்டையை அடிச்சுத் தும்பு எடுக்கிறம். கயிறு திரிக்கிறம்."

நான் இடிந்துபோனேன். வகுப்பில் ஒரு மலையைச் சொல்லி வைத்திருக்கிறேன். தேங்காய் மட்டையை எப்படிச் சொல்வது?

"அது கஷ்டமோ அப்பா?"

"வேலை கஷ்டமில்லை. வேலை இருந்தால் நாள் போகும். சாதாரணச் சிறையில இருக்கிறவங்கள் சும்மா இருக்கேலாமல் வேலை தாங்கோ எண்டு கேக்கிறாங்கள்." மட்டை கீறிய விரலைத் தடவினார். "ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அண்டைக்குத்தான் கஷ்டம். இருந்த இடத்தில இருக்க, எங்கட கோயில் மணி கேக்கிற மாதிரி ஒரு எண்ணம் வரும். இவ்வளவு தூரத்தில எப்பிடிக் கேக்கும்? ஆனாலும் கேக்கும்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் ஒன்று இருந்தது.

"கவலைப்படாதேங்கோ அப்பா. நத்தாருக்கு விட்டிடுவினம். நான் உங்களுக்காகக் கல்லுச் சுமக்கிறன். கோயில் மண்டபத்துக்கு. மூண்டு கல்லுக்கு ஒரு நாள். மாமாவும் சுமக்கிறார், ஒரு நாளைக்கு ஐம்பது."

அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு நான் சொன்னதின் முதல் பாதிவரை இருந்தது. இரண்டாவது பாதிக்கு இல்லாமல் போனது.

"மாமாவோ? எப்ப தொடக்கம்?"

"மூண்டு கிழமை இருக்கும்."

"என்ன சொல்லிச் சுமக்கிறான்?"

"ஒண்டும் சொல்றேல்லை. ஒவ்வொரு நாளும் வாறார். தோளெல்லாம் உரிஞ்சு போச்சு."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்தது என்று காவலாளி சிங்களத்தில் சொன்னான். அப்பா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"மகன், ஒரு வேலை செய். மாமாட்டப் போய், அப்பா சொன்னவர், போதும், விடட்டாம் எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்ல வேண்டாம். அம்மா போய்ச் சொல்ல மாட்டா. அதுதான் உன்னட்டச் சொல்றன். சொல்லுவியோ?"

"ஓம் அப்பா."

"என்ன சொல்லுவாய்?"

"அப்பா சொன்னவர், போதும், விடட்டாம்."

"கெட்டிக்காரன்" என்றார் அப்பா. என்னை அந்தப் பெயரால் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். அதுவும் அன்றைக்கு ஒரு தரம்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நித்திரை வரவில்லை. அம்மா யன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். நான் என் கணக்கைப் போட்டேன். மாமாவிடம் போதும் என்று சொன்னால் மாமா நிறுத்துவார். அறுபது கல் பத்தாகும். நடந்துகொண்டிருந்த உண்மையின்படி ஐந்தாகும். அப்படியானால் அப்பா நத்தாருக்கு வரமாட்டார். அப்பாவுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. மாமாவின் தோள் உரிந்ததைக் கேட்டு மனம் இளகிச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்கள் தங்களுக்காக மற்றவர்கள் கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தால் அவர்களுக்குத்தான் நட்டம். அப்பா வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொல் எங்கே ஓடப்போகிறது?

முருங்கன் சந்தியில் அம்மா எனக்கு ஒரு பணிஸ் வாங்கித் தந்தார். அதைத் தின்று முடிக்கும்போது தீர்மானமும் முடிந்திருந்தது.

மறுநாள் பின்னேரம் மாமா கற்குவியலடியில் எனக்காகக் காத்து நின்றார். அன்று அவர் சுமக்கத் தொடங்கவில்லை.

"அப்பாவைப் பாத்தனியோ?"

"ஓம்."

"நான் கல்லுச் சுமக்கிறதைச் சொன்னனியோ?"

"ஓம்."

"என்னவாம்?"

மாமா அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. சாரத்தை மடித்துக் கட்டுகிறவர் போல அதன் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டாமல் நின்றார். கோயில் சுவரில் குந்தியிருந்த காகம்கூடக் கத்தாமல் இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றுகிறது. இது நான் பின்னால் சேர்த்த காகமாகவும் இருக்கலாம்.

"ஒண்டும் சொல்லேல்லை மாமா" என்றேன்.

மாமா தலையை ஆட்டினார். குனிந்து கல்லை எடுத்தார். அன்று அறுபத்தேழு கல் சுமந்தார், தனியாக. நான் எண்ணினேன்.

நத்தாருக்கு முதல் நாள் பகல் முழுவதும் நான் பஸ் நிற்கும் இடத்தில் இருந்தேன். தலையைப் படிய வாரி, புதுச் சேட்டுப் போட்டிருந்தேன். என் கணக்குப்படி முதல் நாளே எல்லாக் கல்லும் முடிந்துவிட்டது. பட்டணத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் மா, சீனி, வெடிக்கட்டு, புது உடுப்புப் பை என்று இறங்கியது. அப்பா இறங்கவில்லை. பின்னேரம் மாமா தேடிக்கொண்டு வந்தார்.

"வா தம்பி, வீட்டை போவம். அவர் இண்டைக்கு வரமாட்டார்."

"கல்லெல்லாம் முடிஞ்சுதே மாமா."

மாமா பக்கத்தில் மணலில் குந்தினார். எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. கடவுள் மேல் பட முடியாது, மறுநாள் அவருக்குப் பிறந்தநாள்.

"உங்கட கல்லு கணக்கில சேரேல்லைப் போல" என்றேன். "என்ர மட்டும்தான் சேர்ந்திருக்கு. உங்கடை சேரேல்லை. அதுதான் அப்பாவை விடேல்லை."

மாமா சேட்டை இழுத்துத் தோளில் உரிந்த இடத்தை மூடினார். பிறகு, "ஓம் தம்பி" என்றார். "என்ர கல்லு சேராதுதான்."

ஒரு பகிடியும் விடாமல் என் குற்றச்சாட்டை அவர் ஒப்புக்கொண்டது எனக்குத் திருப்தியாக இருந்தது. 

நத்தாருக்குப் பிறகு நான் கடூழியத்திலிருந்து ராஜினாமாச் செய்தேன். மாமா செய்யவில்லை. கடலால் வந்து, மீனைப் படலையில் கொழுவி, பின்னேரம் கல்லுக்குப் போனார். டிப்பர் புதிதாகக் கல்லைக் கொட்டக் கொட்டச் சுமந்தார். கலியாணம் முடித்ததும் பக்தி கூடிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். மாமியும் அப்படித்தான் நம்பினார். பெரிய வெள்ளி வந்தது, ஆடி மாதத் திருவிழாக்கள் வந்து போயின. அத்திவாரம் நிலத்துக்கு மேலே மூன்றடி எழும்பியது. அத்தோடு கோயில் காரியங்கள் வழக்கமாக நிற்பது போல அந்த வேலையும் நின்றது. வேலை நின்றதும் மாமா மாமியின் ஊரான வங்காலைக்குக் குடிபோய்விட்டார்.

அந்தப் பை மாமாவுடையது. இதை அம்மா எனக்குச் சொன்னது என் இருபத்தோராவது வயதில், ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது. வெடிமருந்தை வாங்கி வந்தவர் மாமா, போட்டவர் மாமா. வேண்டாம் என்று அப்பா வள்ளத்திலேயே சண்டை பிடித்தாராம். ஆனால் நேவிக்காரன் கேட்டபோது அப்பாவின் வாய்தான் முந்தியது. மச்சானுக்குக் கலியாணம் வைத்திருக்கிறதே என்று.

"அவர் தன்ர எண்டு சொன்னதில எனக்குக் கோவமில்லை" என்றார் அம்மா. "என்ர தம்பி பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு பேசாமல் நிண்டவன். அதுதான்."

அந்த நத்தாருக்கு அடுத்த கிழமை மாமா பட்டணத்தில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்தரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னாராம், நீ இப்போது போய்ச் சொன்னால் உன்னையும் உள்ளே போடுவார்கள், அவரையும் விடமாட்டார்கள், பொய் சொன்னதற்கு வேறு கேட்பார்கள், இரண்டு வீட்டிலும் பொம்பிளைகள் தனியே நிற்பார்கள், பேசாமல் போ என்று. மாமா பேசாமல் வந்து கல்லைத் தூக்கினார்.

அப்பா விடுதலையாகி வந்தது, சிறைக்குப் போனதற்கு அடுத்த வருடம் ஐப்பசியில். நன்னடத்தைக்காகச் சில மாதத்தைக் குறைத்து விட்டார்கள். என் கற்களுக்கு அதில் பங்கில்லை என்பது அப்போதே எனக்குச் சாடையாகத் தெரியும். வந்த அன்று பின்னேரம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு வெளியே வந்து, சாந்து பூசாமல் நின்ற அத்திவாரத்தடியில் நின்றார்.

"இதில உன்ர கல்லு எது?"

பெரிய கற்களுக்கிடையே இடுக்கு அடைத்திருந்த சின்னக் கற்களைக் காட்டினேன். தேடித் தேடிக் காட்டினேன், ஒரு முப்பது இருக்கும்.

"மற்றது?"

"மற்றதெல்லாம் மாமாட."

அப்பா அத்திவாரத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைவரை மெதுவாக நடந்தார். கையைக் கல்லின் மேல் வைத்தபடி நடந்தார். கட்டுமானம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து நானும் பின்னால் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்து கேட்டார்.

"நான் சொல்லச் சொன்னதை மாமாட்டச் சொன்னனியோ?"

எனக்கு அது முற்றாக மறந்துபோயிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் கெட்டிக்காரன் பட்டம் போய்விடும்.

"ஓம் அப்பா. அடுத்த நாளே சொன்னனான்."

அப்பா கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லியும் சுமந்திருக்கிறான்" என்றார்.

ஒரு தரம் சொன்ன சொல்லை இரண்டாம் தரம் சொல்கிற பழக்கம் என் அப்பாவுக்குக் கிடையாது. மாமா திருவிழாவுக்குத் திருவிழா வங்காலையிலிருந்து வருவார். அப்பா மோட்டார் என்ஜினைப் பற்றிக் கதைப்பார், காற்றைப் பற்றிக் கதைப்பார். அம்மாவும் காலப்போக்கில் மனம் மாறித் தேத்தண்ணி கொடுக்கத் தொடங்கினார். கதிரையில் இருங்கோ என்றால் மாமா இருக்க மாட்டார். "நான் இதில இருக்கிறன்" என்று வாசற்படியில்தான் குந்துவார். இப்போது அவருக்கு மயிர் நரைத்துவிட்டது. போன திருவிழாவுக்கும் வந்தார். அப்பா உள்ளே கதிரையில், மாமா படியில், இருவருக்கும் நடுவே நான். இந்த முறை அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டேன்.

பத்து வயதில் மறியலிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்புகிற சொல் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம் ஒரு நாளைக்கு அறுபது கல்.